பலகை உடைந்ததற்கு நான்கு சாட்சிகள்

ஜூலை 3, புதன்

காலையில் லோடு வந்தது. வாஷ்பேசின் பெட்டி ஒன்றை இறக்கும்போதே உள்ளே கலகலவென்று சத்தம். டிரைவர், "அது அட்டைச் சத்தம் சார்" என்றான். இருபது வருஷமாகக் குளியலறைச் சாமான் விற்கிறேன். அட்டை எப்படிப் பேசும், பீங்கான் எப்படி அழும் என்று எனக்குத் தெரியாதா? திருப்பி ஏற்றச் சொன்னேன்.

மாலையில் சும்மா இருக்காமல் மகளின் வரலாற்று நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பு. பள்ளி திறந்து ஒரு மாதம் ஆகிறது. முதல் பக்கத்தில் பெயர். இரண்டாம் பக்கத்தில் ஒரு கோட்டை, கோட்டை மேல் ஒரு காக்கா. அதற்கப்புறம் வெள்ளைவெளேர்.

"பாடம் எங்க?"

"புது டீச்சர் நோட்ஸ் குடுக்க மாட்டாங்க."

"பின்ன என்னதான் பண்றாங்க?"

"குழு."

அவ்வளவுதான் பதில். என் மகள் வார்த்தையை ரேஷனில் வாங்குகிறவள் மாதிரி செலவு செய்வாள். ஒவ்வொரு வருஷமும் எல்லா ஆசிரியரும் ஒரே மாதிரி சொல்வார்கள்: "தங்கமான பொண்ணு, இருக்கிற இடமே தெரியாது." மனைவிக்கு அது பாராட்டு. எனக்கு அப்படியில்லை. இருக்கிற இடம் தெரியாத பொருளை யார் வாங்குவார்கள்?

அடுத்த வருஷம் பொதுத் தேர்வு. இவளோ காக்கா வரைகிறாள்.

ஜூலை 5, வெள்ளி

வரலாற்று டீச்சரைப் பார்க்கப் போனேன். சின்ன வயது. என்னைப் பார்த்து எழுந்து நின்றார், பயப்படவில்லை. அது எனக்குப் பிடித்தது. மற்றது எதுவும் பிடிக்கவில்லை.

நான்கு நான்கு பேராகக் குழுவாம். எதைப் பற்றிச் செய்வது என்று பிள்ளைகளே முடிவு செய்வார்களாம். தேடிப் படித்து, நாடகமோ பொம்மையோ மாதிரி வடிவமோ, ஏதாவது செய்து காட்டுவார்களாம். பெரியவர்கள் தலையிடக்கூடாதாம்.

"அப்ப நீங்க எதுக்கு மேடம்?" என்று நேராகவே கேட்டேன்.

"ஹெச்.எம்மும் இதையேதான் கேட்டார்" என்று சிரித்தார். "ஒருத்தர் ஒண்ணு சொன்னா, இவருக்கு எப்படித் தெரியும், இதைச் சொல்றதால இவருக்கு என்ன லாபம்னு கேட்கத் தெரியணும் சார். அதுதான் வரலாறு."

"இது பரீட்சையில வருமா?"

"வராது."

கல்லாவில் இருக்கிறவர் இப்படிப் பேசினால் கடை ஒரு வாரம் தாங்காது.

ஜூலை 9, செவ்வாய்

மனு எழுதிவிட்டேன். "வரலாற்றுப் பாடத்தைப் பழையபடி நோட்ஸ் கொடுத்துக் கேள்வி பதிலாக நடத்த வேண்டும். இயலாவிட்டால் வேறு ஆசிரியரை நியமிக்க வேண்டும்." எழுதியது மனைவி. சொல்லச் சொல்ல எழுதிவிட்டு, "இது உங்களுக்கு வேண்டாத வேலை" என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அதை மனுவில் சேர்க்கவில்லை.

கையெழுத்து வாங்குவது ஒரு கலை. பள்ளி விடுகிற நேரத்தில் வாசலில் நின்றேன். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பை, தோளில் தண்ணீர் பாட்டில் என்று வருகிறவர்களைப் பிடித்தேன். அவர்களுக்குப் படிக்கக் கை இருக்காது. போடுகிற அளவுக்கு விரல் இருக்கும். "பத்தாவதுல உங்க பிள்ளை வரலாற்றுல போயிட்டா?" என்று ஒரே கேள்வி. நடுங்கிப்போய்ப் போட்டார்கள்.

ஒரு ஆடிட்டர் மட்டும் முழுசும் படித்தார், இரண்டு இடத்தில் கமா போட்டார், பிறகு கையெழுத்துப் போட்டு, "இதை நான் சீரியஸா எடுத்துக்கறேன்" என்றார். நல்ல மனிதர். இப்படி நாலு பேர் போதும்.

தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார்: ஆகஸ்ட் மூன்றாம் தேதி பிள்ளைகளின் கண்காட்சி. அன்றைக்கு மனுவைக் கொடுக்கலாம். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை பெற்றோர் கூட்டத்தில் முடிவு.

முடிவு என்ன முடிவு. முடிந்த மாதிரிதான்.

ஜூலை 13, சனி

கிடங்குக் கூரை ஒழுகுகிறது என்று புதுக் கம்மோடுகளை வீட்டுக் கூடத்தில் வரிசையாக இறக்கி வைத்திருந்தேன். இன்றைக்குப் பார்த்து மகளின் குழு வீட்டுக்கு வந்துவிட்டது. அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பிறகுதான் விஷயம் தெரிந்தது. 'எங்கப்பா செராமிக் பிசினஸ்' என்று பள்ளியில் சொல்லி வைத்திருக்கிறாள். அவர்கள் பூ ஜாடி என்று நினைத்திருக்கிறார்கள்.

மூன்று பேர். ஒருவன் எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுகிறான். அவனுக்கு 'வக்கீல்' என்று பேர் வைத்தேன். ஒரு பெண் புத்தகத்தைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் படிக்கிறாள், 'கண்ணாடி'. இன்னொரு பையன் வந்ததிலிருந்து கொட்டாவி விடுகிறான், 'தூக்கம்'.

நாற்காலி போதவில்லை. தூக்கம் ஒரு கம்மோடு மூடி மேல் உட்கார்ந்தான். வக்கீல் அடுத்ததில். கண்ணாடி தயங்கித் தயங்கி மூன்றாவதில். என் மகள் கடைசியாக, அவமானத்தோடு, நான்காவதில்.

"இதுல உட்கார்ந்தா நல்லா யோசனை வருது" என்றான் தூக்கம்.

"ரோம்ல இப்படித்தான் உட்காருவாங்களாம்" என்றாள் கண்ணாடி. "வரிசையா. நடுவுல தடுப்பே கிடையாது. கதை பேசிக்கிட்டே."

"ஆதாரம்?" என்றான் வக்கீல்.

"கல் பெஞ்சு இன்னும் இருக்கு. ஓட்டை ஓட்டையா. படம் காட்டவா?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒட்டுக்கேட்கவில்லை, சரக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் மகள் வாயைத் திறந்தாள்.

"எல்லாக் குழுவும் ராஜா எங்க சண்டை போட்டான்னுதான் செய்வாங்க. நாம, ராஜா காலையில எழுந்து முதல்ல எங்க போனான்னு செய்யலாம்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கூடமே இடிகிற மாதிரி சிரிப்பு. அந்தச் சிரிப்பில் என் மகளின் குரலும் இருந்தது. அடையாளம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.

ஜூலை 14, ஞாயிறு

கழிப்பறையின் வரலாறு. என் மகளின் குழு. என் துறை. விட முடியுமா?

திட்டம் போட்டேன். கடை ஷோகேஸ் செய்கிற ஆசாரியை வைத்து ஒரு அரண்மனைக் கழிப்பறை. உள்ளே நீல விளக்கு. தானாகத் தண்ணீர் பாய்ச்சுகிற புது மாடல் ஒன்று நடுவில், சுழலும் மேடையில். ஓரமாகக் கடைப் பெயர் போட்ட பேனர், சின்னதாக. ஆசாரிக்குப் போன் செய்து பலகை அறுக்கச் சொல்லியாயிற்று.

ஜூலை 16, செவ்வாய்

என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஆசாரி பாதி அரண்மனையை வண்டியில் ஏற்றிப் பள்ளி வாசலில் நிறுத்தியிருக்கிறான். டீச்சர் குழுவைக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டாராம்: "இதுல நீங்க செஞ்சது எது?" நான்கு பேரும் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்களாம். கடைசியில் தூக்கம், "அந்த ஆணி வேணா நான் திருப்பி அடிக்கறேன் மிஸ்" என்றானாம்.

மாலையில் நான்கு பேரும் கடைக்கே வந்தார்கள். வக்கீல் முன்னால் நின்றான்.

"அங்கிள், நாங்க கூடிப் பேசினோம். நீங்க குழுவில இல்ல."

"நான் எங்கப்பா இருந்தேன்?"

"அதான். இல்லாமலே இவ்வளவு பண்ணிட்டீங்க." ஒரு காகிதத்தைப் பார்த்துப் படித்தான். "கேட்டா பொருள் வாங்கித் தரலாம். கனமான சாமான் தூக்கலாம். கேள்வி கேட்கலாம். கருத்து சொல்லக்கூடாது."

கடையில் நின்றிருந்த வாடிக்கையாளர் ஒருவர் குழாயைத் திருகுவதை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன்.

"கருத்து சொல்லாதீங்கப்பா" என்றாள். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. விலை படியாது என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிற வாடிக்கையாளரின் குரல்.

நான் யாரிடமும் சம்பளத்துக்கு வேலை பார்த்ததில்லை. ஆகவே வேலை போவது இது முதல் தடவை. நன்றாகத்தான் வலிக்கிறது.

ஜூலை 20, சனி

கூடத்தில் காலையிலிருந்து சண்டை. ரோமில் குச்சி முனையில் கட்டிய கடற்பஞ்சு ஒன்று இருந்ததாம். அதை வைத்து உடம்பைத் துடைத்தார்களா, இல்லை உட்காருகிற இடத்தைத் துடைத்தார்களா? உடம்பு என்றால் ஆளுக்கு ஒன்றா, ஊருக்கே ஒன்றா?

தூக்கம் 'ஊருக்கே ஒன்று' கட்சி. அப்படித்தான் வேண்டுமாம், அப்போதுதான் பார்க்கிறவர்கள் அலறுவார்களாம்.

"அலறணும்னு எழுதினா அது வரலாறு இல்ல" என்றாள் கண்ணாடி. "படிச்சவங்களே ரெண்டு மாதிரி சொல்றாங்க."

"அப்ப ரெண்டையும் எழுதி, எங்களுக்குத் தெரியலன்னு போடலாம்" என்றாள் என் மகள்.

"தெரியலன்னு போட்டா மார்க் கிடைக்குமா?"

"பொய் போட்டா மட்டும் கிடைக்குமா?"

இதைச் சொன்னது என் மகள். சத்தமாக. டீ கொண்டு போன மனைவி, டம்ளரை வைக்க மறந்து தட்டோடு சமையலறைக்குத் திரும்பி வந்துவிட்டாள். "கேட்டீங்களா?" என்றாள். கேட்டேன். என் கூடத்தில் என் சரக்கு மேல் உட்கார்ந்து நாள் முழுக்கக் கழிப்பறை பற்றிப் பேசுகிறார்கள், எனக்குக் கருத்து சொல்ல உரிமை இல்லை. கேட்பதைத் தவிர வேறு வழி?

ஜூலை 22, திங்கள்

குழாய்க் கம்பெனி ஆள் வந்தான். "சார், உலகத்திலேயே அதிகம் விக்கிற குழாய் இதுதான்."

என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது: "உனக்கு எப்படித் தெரியும்?"

"கம்பெனியில சொன்னாங்க."

"அவங்களுக்கு அதுல என்ன லாபம்?"

அவன் முழித்தான். நானும் முழித்தேன். இந்தக் கேள்வியை இத்தனை வருஷமும் வேறு வேறு வார்த்தையில் கேட்டுத்தானே பிழைத்திருக்கிறேன். இதையா பள்ளியில் சொல்லித் தரக்கூடாது என்று வாசலில் நின்று கையெழுத்து வாங்கினேன்?

வேண்டாம். இந்த யோசனை இன்றைக்கு வேண்டாம்.

ஜூலை 25, வியாழன்

யோசனை வேண்டாம் என்றால் விடுகிறதா? மனுவைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று ஆடிட்டர் வீட்டுக்குப் போனேன். இன்னும் கையெழுத்துச் சேர்க்க வாங்கிப்போன மனு இப்போது அவரிடம்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் உறை போட்டு, ஃபைலில் வைத்து, அட்டை மேல் 'வரலாறு மீட்புக் குழு' என்று தலைப்பும் ஒட்டியிருக்கிறார். அதே பெயரில் போனில் ஒரு குரூப் வேறு. நிறுவனர் என்று என் பெயர்.

"சார், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமேன்னு..."

"பொறுக்கிறதா? நீங்கதானே சொன்னீங்க, பத்தாவதுல போயிட்டா என்னன்னு. அன்னையிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல."

"பழைய முறையில எல்லாரும் பாஸானாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான் சொன்னீங்க."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அதை உங்களைத்தான் கேட்கணும்."

என் கடையில் கொட்டை எழுத்தில் ஒரு போர்டு உண்டு: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. ஆடிட்டர் அதைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

ஜூலை 28, ஞாயிறு

நேற்றும் இன்றும் வீடு வீடாகப் போனேன், போட்ட கையெழுத்தை அடித்துவிடும்படி ஆடிட்டரிடம் சொல்லச் சொல்லி. விற்பதற்கு நான் கெட்டிக்காரன். விற்றதை வேண்டாமென்று சொல்ல வைக்க எனக்கு வரவில்லை. ஒரு வீட்டில், "நீங்க அன்னைக்குச் சொன்னதும் பையனை டியூஷன்ல சேத்துட்டோம்" என்று நன்றி சொன்னார்கள். இன்னொரு வீட்டில் நான் ஏதோ விலை பேசத் திரும்பி வந்திருக்கிறேன் என்று நினைத்து, ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். போன கையெழுத்து இரண்டு. புதிதாக வந்தது மூன்று.

நிறுவனர் என்று பெயர் வைத்தால் இப்படித்தான் நடக்கும்.

ஜூலை 29, திங்கள்

மகளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடியின் அம்மாவும் கையெழுத்துப் போட்டவர். வீட்டில் பேச்சோடு பேச்சாக, "உன் ஃபிரெண்டு அப்பாதான் இதுக்கெல்லாம் தலைவர்" என்று சொல்லியிருக்கிறார்.

மகள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள்.

"நான் அதை வாபஸ் வாங்கத்தான் அலையறேன்" என்றேன்.

"சரிப்பா."

"நிஜமாத்தான்."

"சரி."

ரேஷன் திரும்ப வந்துவிட்டது.

ஜூலை 30, செவ்வாய்

பேசவில்லை.

ஜூலை 31, புதன்

இன்றும். குழு கூடத்தில் கூடியது. என் மகளுக்கும் சேர்த்து வக்கீலே பேசினான். கண்காட்சியில் விளக்கம் சொல்வது அவன்தானாம். இவள் சும்மா நின்று பஞ்சுக் குச்சி நீட்டினால் போதுமாம்.

அவள் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. பேச ஆரம்பித்தவளை நானே வாயடைத்துவிட்டேனா? மனைவியிடம் கேட்டேன். "கருத்து சொல்ல எனக்கும் உரிமை இல்ல" என்றாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

தூக்கக் கூப்பிட்டார்கள். போனேன். பள்ளியின் பெரிய கூடத்து ஓரத்தில் அவர்கள் செய்த ரோமானியக் கழிப்பறை. முழங்கால் உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, மேலே ஒரு பழைய பலகை, அதில் நான்கு ஓட்டை. சுற்றிலும் அட்டையில் கல் மாதிரி வண்ணம். பலகைக்குக் கீழே கழிவுநீர்க் கால்வாய்: நீலத் துணி, அதன் மேல் கசக்கிப் போட்ட பழுப்புக் காகிதம், மலை மாதிரி. பார்க்க அசிங்கமாக, அதாவது நன்றாக இருந்தது.

பலகையைப் பார்த்தேன். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் நான்கு விரல்கூட இல்லை. செங்கல் இரண்டு ஓரத்தில் மட்டும். நாக்கு நுனி வரை கருத்து வந்துவிட்டது. கேள்வி கேட்கலாம் என்பது ஞாபகம் வந்தது.

"இது எத்தனை பேரைத் தாங்கும்?"

"நாலு பேர் அங்கிள்" என்றான் வக்கீல். "சோதிச்சுட்டோம். நாங்க நாலு பேரும் உட்கார்ந்து குதிச்சுப் பார்த்தோம்."

"நாளைக்கு யார் உட்காரப் போறாங்க?"

"வர்றவங்க."

"வர்றவங்க உங்க எடைதான் இருப்பாங்களா?"

வக்கீல் யோசித்தான். பிறகு, "அங்கிள், இது கேள்வி மாதிரி இருக்கிற கருத்து" என்றான்.

தூக்கம் மட்டும் பலகையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, கீழே இன்னும் இரண்டு பை காகிதம் கொட்டினான்.

ஆகஸ்ட் 3, சனி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். கை இன்னும் வலிக்கிறது.

நல்ல கூட்டம். ஒரு பக்கம் கோட்டை, ஒரு பக்கம் கப்பல், ஒரு பக்கம் காகிதத் தாடி வைத்த ராஜாக்கள். எங்கள் ஓரத்தில்தான் நெரிசல். எங்கள் என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

வக்கீல் வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டு, "வாங்க, உட்காருங்க, பேசுங்க" என்று கூப்பிட்டான். தலைமை ஆசிரியர் வந்தார். சிரித்துக்கொண்டே நடு ஓட்டைகளில் ஒன்றில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் ஆடிட்டர் பக்கத்தில் உட்கார்ந்தார், அக்குளில் அந்த ஃபைலோடு. கண்ணாடியின் அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கடைசி ஓரத்தில். ஆடிட்டரின் மறுபக்கம் ஒரு இடம் காலி. நான் விழுந்தடித்துப் போய் அதில் உட்கார்ந்தேன். என் மகள் ஆளுக்கொரு பஞ்சுக் குச்சி கொடுத்தாள். என்னிடம் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரோம்ல இங்கதான் வியாபாரம் பேசினாங்க, அரசியல் பேசினாங்க" என்று வக்கீல் சொல்லிக்கொண்டிருந்தான். ஆடிட்டர் அதை உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டார். ஃபைலை எடுத்து, "சார், இதுதான் பெற்றோர்களோட மனு" என்று தலைமை ஆசிரியர் பக்கம் சாய்ந்தார். அவர் வாங்கச் சாய்ந்தார். நான் ஃபைலின் இந்த முனையைப் பிடித்து இழுத்தேன்.

அப்புறம் சத்தம். பீங்கான் உடைகிற சத்தம் எனக்குப் பழக்கம். மரம் உடைவது வேறு மாதிரி: இருமுகிற மாதிரி ஒரு தடவை, பிறகு ஒரேயடியாக.

தலைமை ஆசிரியர், ஆடிட்டர், நான், மூன்று பேரும் பழுப்புக் காகிதத்துக்குள். கால்கள் மட்டும் மேலே. பஞ்சுக் குச்சியை யாரும் விடவில்லை. கண்ணாடியின் அம்மா மட்டும் செங்கல் மேல் மிச்சமிருந்த பலகைத் துண்டில் அப்படியே உட்கார்ந்திருந்தார், படம் எடுக்கக் காத்திருப்பவர் மாதிரி.

வக்கீலைப் பார்த்தேன். வாய் திறந்திருக்கிறது, சொல் வரவில்லை. அந்த டீச்சர் தூரத்திலிருந்து ஓடி வருகிறார். முடிந்தது, என்று நினைத்தேன். மனுவே தேவையில்லை; பலகையே எழுதிக் கொடுத்துவிட்டது.

அப்போது ஒரு குரல்.

"எண்ணூறு வருஷத்துக்கும் முன்னாடி ஐரோப்பாவுல ஒரு ராஜா பிரபுக்களைக் கூட்டி மீட்டிங் போட்டார். மாடியில. பாரம் தாங்காம தரை உடைஞ்சு, எல்லாரும் கீழ இருந்த கழிவுக் குழிக்குள்ள விழுந்தாங்க. நிறையப் பேர் செத்தே போனாங்க. ராஜா தப்பிச்சார். ஏன்னா, அவர் ஜன்னல் ஓரமா கல் மாடத்துல உட்கார்ந்திருந்தார். அதோ, அந்த ஆன்ட்டி மாதிரி."

எல்லோரும் கண்ணாடியின் அம்மாவைப் பார்த்தார்கள். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

பேசியது என் மகள். குச்சியைக் கீழே போட்டுவிட்டு நோட்டை எடுத்திருந்தாள்.

"யாருக்கும் அடியில்லையே? இல்லன்னா யாரும் எழுந்திருக்காதீங்க. இப்ப உங்களை விசாரிக்கணும். ஹெச்.எம் சார், பலகை எப்படி உடைஞ்சுது?"

தலைமை ஆசிரியர் காகிதத்துக்குள்ளிருந்து, "ஆடிட்டர் சார் சாஞ்சார்" என்றார்.

"நான் சாயவே இல்ல" என்றார் ஆடிட்டர். "நீங்க உட்காரும்போதே அது கிரீச்னுது. நான் கேட்டேன்."

"அப்பா?"

என்னை 'அப்பா' என்று கூப்பிட்டு ஐந்து நாள் ஆகியிருந்தது. ஆனால் அது சாட்சியைக் கூப்பிடுகிற குரல்.

"பலகை. ஓட்டைக்கு நடுவுல இடம் பத்தல. நான் நேத்தே..." வக்கீல் முறைத்தான். நிறுத்திக்கொண்டேன்.

"பார்த்தீங்களா" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "இப்பதான் நடந்துது. மூணு பேரும் அங்கதான் இருந்தாங்க. மூணு கதை. அவங்கவங்க மேல தப்பு வராத கதை. ஆன்ட்டி, நீங்க விழல. நீங்க என்ன பார்த்தீங்க?"

"நடுவுல ஒரு ஃபைல் இருந்துச்சு" என்றார் அவர் யோசித்து. "உங்கப்பா இந்தப் பக்கம் இழுத்தார், ஆடிட்டர் அந்தப் பக்கம் இழுத்தார். அதுக்கப்புறம்தான்."

"அதை ஏன் மூணு பேரும் சொல்லல?" அவள் என்னையே பார்த்தாள். "அது என்ன ஃபைல்?"

காகிதக் குவியலில் மல்லாந்து கிடந்துகொண்டு பொய் சொல்ல முடியாது. உடம்பே ஒத்துழைக்காது.

"இந்த மாதிரிப் பாடம் வேண்டாம்னு ஒரு மனு. ஆரம்பிச்சது நான். திரும்ப எடுத்துக்கலாம்னு இழுத்தேன்."

"எதுக்குத் திரும்ப?"

"நீ பேசறது கேட்டுது. அதுக்கு."

அவள் எழுதிக்கொண்டாள். ஒரு வரி எழுத அவ்வளவு நேரம் ஆகுமா என்று தெரியவில்லை. பிறகு, "நன்றி. அடுத்து யாராவது தூரத்துலேர்ந்து பார்த்தீங்களா?" என்றாள்.

கூட்டத்தில் பத்துக் கை உயர்ந்தது. கோட்டைக் குழு, கப்பல் குழு, தாடி ராஜாக்கள், எல்லோரும் சாட்சி. ஆடிட்டர் எழுந்து உட்கார்ந்து, "இல்ல, இதை விடக்கூடாது. இன்னொரு பலகை கொண்டு வாங்க, அதே மாதிரி உட்கார்ந்து பார்ப்போம்" என்றார். ஃபைல் எங்கே என்று அவர் தேடவே இல்லை. அது எனக்குக் கீழே இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பெற்றோர் கூட்டம். மனுவை நானே எடுத்துப் போய், வாபஸ் என்று சொல்லி மேசையில் வைத்தேன். ஒரு அம்மா விடவில்லை: "உங்க பொண்ணு பேசிட்டா. எங்க பையன் எழுதணுமே? அடுத்த வருஷம் தேர்வு." நியாயம். நான் டீச்சரைப் பார்த்தேன். அவரிடம் பதில் இருந்தது: வாரத்துக்கு ஒரு நாள் கேள்வி பதில், மற்ற நாள் குழு. அவர் முகத்தைப் பார்த்தால், இது அவருக்கு முழு வெற்றி இல்லை என்று தெரிந்தது. பேரம் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் வருகிற முகம்தான். தலைமை ஆசிரியர் ஆண்டு முடியும்வரை சரி என்றார். உட்காரும்போது மட்டும் நாற்காலியைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

ஆடிட்டர் பேசுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். எழுந்தார். பலகை உடைந்தது பற்றி இரண்டு பக்க அறிக்கை, அளவுகளோடு, படத்தோடு. டீச்சரிடம் கொடுத்துவிட்டு, "இதைப் பொண்ணுகிட்ட குடுத்துடுங்க. என்னோட முதல் வாக்குமூலத்துல ஒரு திருத்தம் இருக்கு. நான் சாஞ்சேன்" என்றார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அடுத்த பாடத்துக்குக் குழு எடுத்திருப்பது எங்கள் கடைத் தெருவின் வரலாறு. காலையில் மகள் நோட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கப்பா. நீங்க இந்தத் தெருவுக்கு எப்ப வந்தீங்க?"

இதைச் சொல்வதென்றால் எனக்குத் தனி உற்சாகம். தோள் பையில் குழாய் மாதிரிகளோடு, கொட்டுகிற மழையில், கடை கடையாக ஏறி இறங்கிய அந்த முதல் நாள். கல்யாண வீடுகளில், கடை விழாவில், எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கண் கலங்கியிருக்கிறார்கள். ஆரம்பித்தேன்.

"மழைன்னு எப்படித் தெரியும்?"

"நனைஞ்சது நான்."

"நீங்க தவிர யாராவது?"

சமையலறையிலிருந்து மனைவி: "நான் அப்ப அதே தெருவுலதான் இருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்துது."

"மழை பெஞ்சா கதை நல்லா இருக்கும்ல" என்றாள் மகள், எழுதிக்கொண்டே. "சொல்றவருக்கு அது லாபம்."

"அடிப்பாவி."

"ரெண்டையும் போட்டுக்கறேன். நீங்க சொன்னது, அம்மா சொன்னது. மூணாவதா ஒரு சாட்சி இருந்தா சொல்லுங்க."

போய்விட்டாள், போனில் குழுவோடு கத்திக்கொண்டே. வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

மழை பெய்ததா? நனைந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. வியர்வையாக இருக்குமோ? நாளைக்குத் தெருமுனைக் குடைக் கடைக்காரரைப் போய்க் கேட்க வேண்டும். மழை இருந்திருந்தால் அவருக்கு மறந்திருக்காது. ஆனால் மழை பெய்தது என்று சொல்வதில் அவருக்கும் லாபம் உண்டே.